மிக்ஸியைக் கண்டு குரைப்பது ஏன்?

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடையில் நாய் ஒன்று படுத்து உறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தடி தூரத்தில் விரைவு வண்டி தடதடவென்று கடந்து போகிறது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறுகிறது. நாயோ காதை ஒரு முறை ஆட்டிவிட்டு மறுபடியும் உறங்குகிறது. அதே தாம்பரத்தில், ரயிலடியிலிருந்து சற்றுத் தள்ளிச் சேலையூரில் ஒரு வீடு. அங்கே தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் பத்து வாரக் குட்டி ஒன்று இருக்கிறது. சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியதும் அது நான்கு கால்களையும் அகல ஊன்றி, உடம்பு அதிரக் குரைக்கிறது. மிக்ஸி நின்று கால் மணி நேரம் ஆன பிறகும் அதற்கு மூச்சு வாங்குகிறது. குக்கர் விசில் அடித்தால் குரைப்பு; துடைப்பத்தை எடுத்தால் குரைப்பு; குடையை விரித்தால் குரைப்பு. இரண்டும் ஒரே நாட்டு நாய் இனம். ஒருவேளை ஒரே தாய்வழிச் சொந்தமாகவும் இருக்கலாம். பின் ஏன் இந்த வேற்றுமை?

அந்த வீடு என்னுடையது. ஆகவே இக்கட்டுரையில் பௌதிகத்தோடு கொஞ்சம் வீட்டுக் கதையும் கலந்திருக்கும்; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குட்டியின் பெயர் மணி. (தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர்!) அது வந்த மூன்றாம் வாரம், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "சார், அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லை. காலையில கண்ணசரும்போது ஆரம்பிச்சிடுது. மாசக் கடைசிக்குள்ள எங்கேயாவது குடுத்துடுங்க. இல்லேன்னா வேற வீடு பாத்துக்குங்க" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாயின் குரைப்பு மிக அருகில் 100 டெசிபலைக்கூட எட்டக்கூடியது. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்போ பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான்.

உறவினர் ஒருவர் இதைவிட எளிய வழி சொன்னார். இருட்டிய பிறகு ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் இறக்கிவிட்டு வந்துவிடுவதாம்! நம் புறநகர்ச் சாலைகளில் கழுத்தில் பழைய பட்டையோடு திரியும் நாய்களைப் பார்க்கும்போது, இந்த வழியை அவர் கண்டுபிடிக்கவில்லை என்பது தெரிகிறது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பத்து வாரக் குட்டி அந்தச் சாலையில் ஓர் இரவைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். குரைக்கும்போதெல்லாம் "சும்மா இரு!" என்று அதட்டினேன். பிறகு செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடித்தேன். அதுவும் பலிக்காமல் போகவே, 'பக்கத்தில் இருந்து பழகட்டும்' என்று குட்டியைத் தூக்கி, ஓடும் மிக்ஸிக்கு ஒரு முழ தூரத்தில் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து மிக்ஸி ஓடவே தேவையில்லை என்றாயிற்று. அலமாரியிலிருந்து ஜாடியை எடுக்கும் சத்தத்துக்கே குரைப்பு தொடங்கிவிட்டது. நான் செய்த மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதை அறிய, முதலில் குட்டியின் காதுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

கால்டனின் கைத்தடி

1876ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் ஒரு சிறு ஊதுகுழலைச் செய்தார். அதன் குழாயின் நீளத்தைத் திருகினால் குறைத்துக்கொண்டே போகலாம். குழாய் குறுகக் குறுக ஒலியின் அதிர்வெண் ஏறும். ஒரு கட்டத்தில் ஊதுபவர் காதுக்கே ஒன்றும் கேட்காது. இதை அவர் தம் கைத்தடியின் நுனியில் பொருத்தினார். பிடியின் அருகே ரப்பர்க் குழாய் ஒன்றை வைத்து, அதை அழுத்தி ஒலி எழுப்பியபடியே விலங்குக் காட்சிசாலையில் கூண்டு கூண்டாக நடந்தார். தெருவில் கண்ட விலங்குகளிடமும் சோதித்தார். பூனைகள் நன்றாகத் திரும்பிப் பார்த்தன. சிறிய நாய்களும் பார்த்தன. ஆனால் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தெருக்களில் சோம்பிக் கிடந்த பெரிய நாய்களிடம் மணிக்கணக்காக முயன்றும் ஒன்றுகூட அசையவில்லை. ஆகவே பெரிய நாய்களுக்கு அந்த ஒலி கேட்பதில்லை என்று முடிவு கட்டினார்.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1983இல், ஹெஃப்னர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நாய்களின் செவித்திறனை முறையாக அளந்து வெளியிட்டார். கையில் அடங்கும் சிவாவா நாயிலிருந்து கன்றுக்குட்டி போன்ற செயின்ட் பெர்னார்ட் வரை எல்லாவற்றுக்கும் கேட்கும் எல்லை ஏறத்தாழ ஒன்றே: 67 ஹெர்ட்ஸ் முதல் 45,000 ஹெர்ட்ஸ் வரை. உடலின் பருமனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை! அப்படியானால் பெர்ன் நகர நாய்களுக்கும் அந்த ஊதல் கேட்டிருக்க வேண்டும்; அவை பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். கேட்பது வேறு, பொருட்படுத்துவது வேறு. கால்டன் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார். நம் நடைமேடை நாய்க்கும் ரயிலின் ஓசை ஒரு குறையும் இல்லாமல் கேட்கத்தான் செய்கிறது.

மனிதக் காதுக்கு உரிய எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று பாடநூல்கள் கூறும். மேல் எல்லை உண்மையில் சிறு பிள்ளைகளுக்கே பொருந்தும். வகுப்பில் அலையியற்றியையும் ஒலிபெருக்கியையும் இணைத்து, அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போவேன். 15,000ஐத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் எனக்குக் கேட்பது நின்றுவிடும். முன் வரிசை மாணவர்களோ அதற்குப் பிறகும் காதைப் பொத்திக்கொண்டு "போதும் சார்" என்பார்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் 15,625 ஹெர்ட்ஸில் மெல்லக் கீச்சிட்டன. அடுத்த அறையில் பெட்டி ஓடுவதைக் குழந்தைகள் சொல்லிவிட, தாத்தா நம்ப மறுத்த வீடுகள் உண்டு. தாத்தாவுக்கும் பேரனுக்குமே இவ்வளவு வேற்றுமை என்றால், நமக்கும் நாய்க்குட்டிக்கும் எவ்வளவு இருக்கும்!

'நாய்க்கு நம்மைவிட நான்கு மடங்கு காது கேட்கும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த அதிர்வெண்ணில் என்று கேட்க வேண்டும். தாழ்ந்த ஒலிகளில் நாம் ஒன்றும் நாய்க்குச் சளைத்தவர்கள் அல்லர். நம் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் மிகக் கூர்மையானது. நாயின் காது கூர்மை பெறுவது 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி. அங்கிருந்து மேலே போகப் போகத்தான் இடைவெளி விரிகிறது. எனவே ரயிலைப் போன்ற கனத்த ஓசையைவிட, மிக்ஸியைப் போன்ற கூரிய ஓசைதான் குட்டிக்கும் நமக்கும் மிகவும் வேறுபட்டுக் கேட்கும்.

ஒளித்து வைத்த சத்தம்

மிக்ஸியின் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், விநாடிக்கு 300 சுற்று. மோட்டாரின் தண்டில் செம்புத் துண்டுகளால் ஆன திசைமாற்றி ஒன்று உண்டு. அதன்மேல் கரித் துண்டுகள் உராய்ந்து மின்சாரத்தைச் செலுத்துகின்றன. திசைமாற்றியில் 24 செம்புத் துண்டுகள் இருந்தால், கரித் துண்டு விநாடிக்கு 7,200 முறை ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. 7,200 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி பிறக்கிறது. அதோடு அதன் மடங்குகளும் பிறக்கின்றன: 14,400, 21,600, 28,800, 36,000, 43,200. இந்த ஆறில் நம் காதில் விழுவது முதல் இரண்டு மட்டுமே. குட்டியின் எல்லைக்குள் ஆறும் அடங்கும். நாம் சட்னி அரைபடும் இரைச்சலைக் கேட்கிறோம். அதற்கு மேலே, நமக்குத் தெரியாத ஒரு வீறிடலையும் சேர்த்துக் குட்டி கேட்கிறது.

குக்கரின் கதையும் இதுவே. சிறு துளை வழியே நீராவி பாய்ந்து வெளியேறும்போது காற்றில் தாறுமாறான சுழிகள் உண்டாகின்றன. அவற்றின் ஓசை ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. கீழிருந்து மிக உயரம் வரை பரவியிருக்கும். தொழிற்சாலைகளில் காற்றுக் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இந்த இயல்பையே பயன்படுத்துகின்றன. அவை 40,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தேடுகின்றன. அது இன்னும் நாயின் எல்லைக்குள்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மின்னணுச் சோக், கைப்பேசிச் சார்ஜர், இண்டக்ஷன் அடுப்பு முதலியவற்றில் மின்னோட்டம் பெரும்பாலும் விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திறந்து மூடப்படுகிறது. ஏன் 20,000? குறைந்த எண்ணில் ஓட்டினால் சுருள்கள் கீச்சிடும். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். ஆகவே பொறியியல் வல்லுநர்கள் அந்தக் கீச்சொலியை நம் காது எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். குட்டியிடம் கேட்டுக்கொண்டு ஒளித்து வைக்கவில்லை! இவ்வொலிகள் மிக மெல்லியவை. எல்லாக் குட்டிகளும் இவற்றைச் சட்டை செய்வதில்லை. ஆயினும் 'ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்த்துக் குரைக்கிறது' என்று யாராவது சொன்னால், பேய் பிசாசைத் தேடுமுன் அந்தச் சுவரில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

துடைப்பமும் குடையும் வேறு வகை. அவற்றில் ஒலி முக்கியமன்று. திடீரென்று உருவம் பெரிதாகும் எதையும் தன்மேல் பாய வருவதாகவே விலங்கின் கண் கொள்ளும். குடை அரை விநாடியில் பத்து மடங்கு பெரிதாகிறது. துடைப்பமோ தரையோடு தரையாகக் குட்டியின் கண் மட்டத்திலேயே நெருங்கி வருகிறது. நம் உயரத்திலிருந்து பார்த்தால் அது விளங்காது. ஒருமுறை தரையில் படுத்துக்கொண்டு, யாரையாவது பெருக்கச் சொல்லிப் பாருங்கள்.

குரைத்தால் ஓடிப்போகும்

காது மட்டுமே காரணம் என்றால் நடைமேடை நாயும் குரைக்க வேண்டும். மற்றக் காரணங்கள் மூளையில் இருக்கின்றன.

ஒரு தூண்டல் மென்மையாகவும் திரும்பத் திரும்பவும் வந்து, தீங்கும் விளைவிக்காவிட்டால், விலங்கு அதைப் பொருட்படுத்துவதை மெல்ல விட்டுவிடும். இது பழக்கப்படுதல். அதே தூண்டல் மிகப் பலமாக வந்தால் நேர்மாறாக நடக்கும். ஒவ்வொரு முறையும் விலங்கு மேலும் மிரளும். கடைசியில் தொடர்புள்ள சிறு ஒலிக்கும் துள்ளும். இது கூர்மைப்படுதல். இரண்டையும் ஒரே அமைப்பில் பொருத்தி குரோவ்ஸ், தாம்சன் இருவரும் 1970இல் விளக்கினார்கள். நான் குட்டியைத் தூக்கிப் பிடித்த இடத்தில் மிக்ஸியின் ஓசை 80 முதல் 90 டெசிபல் இருந்திருக்கும். தப்பியோட வழியும் இல்லை. பழக்கப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கூர்மைப்படுத்தியிருக்கிறேன்! என் அதட்டலோ, குட்டியின் கணக்கில், வீட்டின் பெரிய நாயும் மிக்ஸியைக் கண்டு கூடவே குரைப்பதாக ஆயிற்று. செய்தித்தாள் அடி, அஞ்ச வேண்டிய பொருள்களில் இன்னொன்றைச் சேர்த்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மிக்ஸி எவ்வளவு நேரம் ஓடும்? அரை நிமிடம். குக்கர் விசில்? சில விநாடி. சிலிண்டர்க்காரர் வந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். குட்டி குரைக்கிறது, பயமுறுத்தும் பொருள் அடங்கிவிடுகிறது. நமக்குத் தெரியும், சட்னி அரைபட்டதால் மிக்ஸி நின்றது என்று. குட்டிக்குத் தெரிந்தது, தான் குரைத்ததால் நின்றது என்பதே. எந்தச் செயலைத் தொடர்ந்து நல்ல விளைவு வருகிறதோ அச்செயல் வலுப்பெறும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் செய்த சோதனைகளால் 1898இலேயே காட்டினார். வீட்டுச் சாமான்கள் எல்லாம் சிறிது நேரமே ஓசையிடுபவை. ஆகவே நம் வீடு குட்டிக்கு ஒவ்வொரு நாளும் பத்துப் பதினைந்து வெற்றிகளை இலவசமாக வழங்கிக்கொண்டிருக்கிறது.

காலக் கெடு

வீட்டுக்காரர் விதித்த கெடு மாதக் கடைசி. இயற்கையும் ஒரு கெடு விதித்திருக்கிறது. நாய்க்குட்டி பிறக்கும்போது செவித்துளைகள் மூடியே இருக்கும். இரண்டு வாரம் கழித்தே திறக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை, குட்டி கண்டதையும் கேட்டதையும் 'இது என் உலகம்' என்று எளிதில் ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு புதியதெல்லாம் முதலில் பகைதான். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் உள்ள ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். உயர்ந்த வேலி சூழ்ந்த வெளியில், மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன. பதினான்கு வாரம் வரை ஆளோடு பழகாத குட்டிகள் பிறகு காட்டு விலங்குகள் போலவே மனிதரைக் கண்டு மிரண்டன. இந்த முடிவு 1961இல் வெளியாயிற்று. அங்கு நடந்த நீண்ட ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஸ்காட், புல்லர் என்ற இருவர் 1965இல் ஒரு பெரிய நூலே எழுதினார்கள்.

இப்போது நடைமேடை நாயின் புதிர் விடுபடுகிறது. ரயிலடியில் பிறந்த குட்டிக்குச் செவி திறந்த நாள் முதல் ரயில்தான் தாலாட்டு. பல்லாவரம், பம்மல் பக்கத்துத் தெருக் குட்டிகள் தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானத்தை அண்ணாந்தும் பார்ப்பதில்லை. அவற்றில் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து மிக்ஸியைப் போடுங்கள். அப்போது தெரியும், அந்தத் தைரியம் விமானத்துக்கு மட்டுமே உரியதென்று.

மணிக்கு அப்போது வயது பத்து வாரம். ஏறக்குறைய நான்கு வாரம் கையில் இருந்தது. மாடிப்படி ஏறி, மேலும் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். காலை எட்டு மணிக்கு முன் மிக்ஸி ஓடாது என்று உறுதியும் சொன்னேன். வீட்டுக்காரர் அரை மனதோடு சம்மதித்தார். என் அம்மாதான், "அப்ப எட்டு மணி வரைக்கும் இட்லிக்கு மிளகாய்ப் பொடியா?" என்று கேட்டார். ஆம், ஒரு மாதம் மிளகாய்ப் பொடிதான்.

தூரமும் கதவும்

பழக்கப்படுத்த மெல்லிய தூண்டல் வேண்டும். மிக்ஸியின் ஓசையை எப்படி மெல்லியதாக்குவது? கைப்பேசியில் பதிவு செய்து குறைந்த ஒலியில் போட்டுக் காட்டலாம் என்று பலர் சொல்வார்கள். பௌதிகம் இங்கே குறுக்கே நிற்கிறது. விநாடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும் பதிவுக் கருவியால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் பிடிக்க முடியாது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அதையும் முழுதாகத் திருப்பித் தராது. நம் காதுக்கு அச்சு அசலாக இருக்கும் பதிவு, குட்டிக்குத் தலையில்லாத மிக்ஸி. பதிவுக்குப் பழகிய குட்டி உண்மையான மிக்ஸியைக் கண்டு மறுபடி குரைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. பதிவு தொடக்கத்துக்கு உதவலாம்; அதையே நம்ப வேண்டாம்.

நம்பக்கூடியது தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 85 என்றால், இரண்டு மீட்டரில் 79, நான்கில் 73, எட்டில் 67, பதினாறில் 61. ஆனால் இது திறந்த வெளிக்கு உரிய கணக்கு. நம் வீடுகளில் தரை மொசைக்கோ டைல்ஸோ, சுவர் சிமெண்டு, அலமாரி நிறைய எவர்சில்வர் பாத்திரம். ஒலி பட்டுப் பட்டுத் திரும்புவதால், கூடத்துக்குள்ளேயே நான்கடி தள்ளிப் போவதால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆகவே குட்டியை அறையின் மறு மூலைக்கு அல்ல, வாசலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

கதவும் ஒரு நல்ல கருவி. காற்றில் ஒலியின் வேகம் நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். 350 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டர். 35,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரே சென்டிமீட்டர். நீண்ட அலை கதவின் ஓரத்தைச் சுற்றி வளைந்து வந்துவிடும். குறுகிய அலையால் அவ்வாறு வளைய முடியாது. மரத்தையும் கனத்த திரையையும் ஊடுருவுவதும் அரிது. ஆகவே பாதி சாத்திய கதவு, நமக்குப் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும், குட்டியைக் கலவரப்படுத்தும் மேல்பகுதியை முதலில் வடிகட்டிவிடுகிறது.

எங்கள் முறை இதுதான். முதல் வாரம் பயிற்சியே இல்லை. அரைக்கும் நேரத்தில் யாராவது குட்டியைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனோம். தடுப்பூசிகள் முடியாததால் தரையில் விடவில்லை. இதனால் அதன் 'வெற்றிகள்' நின்றன. ஓடாத மிக்ஸியை மட்டும் கூடத்துத் தரையில் வைத்துவிட்டோம். முகர்ந்து பார்த்து, தானே அலட்சியம் செய்யட்டும் என்று. இரண்டாம் வாரம் நான் குட்டியுடன் வாசல் கேட்டருகே நின்றேன். உள்ளே அம்மா மிக்ஸியை மூன்று விநாடி ஓட விடுவார். குட்டி காதை நிமிர்த்தும், குரைக்காது. உடனே அவித்த முட்டையில் ஒரு சிறு துணுக்கு. மிக்ஸி நின்றால் முட்டையும் நின்றுவிடும். ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. அதற்கு மேல் இல்லை.

இங்கே வரிசை முக்கியம். முதலில் ஓசை, பிறகு உணவு. ருஷ்யாவின் பாவ்லோவ் தம் நாய்களிடம் கண்டது இதுவே. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவர், மெட்ரோனோம் போன்ற கருவிகளின் ஓசைக்குப் பின் உணவு தந்தபோது, ஓசைக்கே நாய்க்கு உமிழ்நீர் ஊறியது. உணவை முதலில் காட்டிவிட்டு மிக்ஸியைப் போட்டால் கதை தலைகீழாகும். முட்டையைக் கண்டாலே குட்டி மிரளும். நான் ஒருநாள் அவசரத்தில் அப்படிச் செய்து, இரண்டு நாள் பின்னடைந்தேன்.

குரைத்துவிட்டால்? அதட்ட வேண்டாம். தூரம் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். பத்தடி பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். கொடுத்த உணவைக் குட்டி வாயில் வாங்காவிட்டாலும் அதே பொருள்தான். குரைப்பை நிறுத்தவென்று கடைகளில் மீயொலிக் கருவிகள் விற்கிறார்கள். குட்டி குரைத்ததும் நமக்குக் கேட்காத ஒலியை அவை உரக்க எழுப்பும். எந்த வகை ஒலிக்கு அஞ்சிக் குரைக்கிறதோ அதே வகை ஒலியால் தண்டிப்பதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். உணவிலும் எச்சரிக்கை தேவை. தயிர்ச்சோற்று உருண்டை போதும். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பூண்டு, திராட்சை, சாக்லேட்டும் அப்படியே.

எதற்குமே குரைக்காத, தூக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் விழிக்காத குட்டியைப் பார்த்து மகிழ்ந்துவிடவும் கூடாது. டால்மேஷியன் நாய்களிலும் நம் ராஜபாளையம் போன்ற வெள்ளை நிற நாய்களிலும் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. நிறத்தைத் தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவை. அவை அங்கு இல்லாமல் போனால் செவி கெடும். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேற்று வரை அமைதியாக இருந்த வளர்ந்த நாய் திடீரென்று ஓசைக்கு அஞ்சத் தொடங்கினாலும் அப்படியே. காதிலோ மூட்டிலோ வலி இருக்கலாம்.

மூன்றாம் வாரம் கேட்டிலிருந்து திண்ணைக்கு வந்தோம். பிறகு கூடம், கதவு பாதி சாத்தி. பிறகு கதவு திறந்து. பதினைந்தாம் வாரத்தில் ஒரு நாள் தேங்காய் அரைபட, மணி சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்தது. துடைப்பத்துக்கு இவ்வளவு பாடில்லை. முதலில் அதைத் தரையில் கிடத்தி, அதைச் சுற்றிச் சோற்றுருண்டைகளைப் போட்டோம். பிறகு குட்டியை நோக்கிப் பெருக்காமல் விலகிப் பெருக்கினோம். நான்கு நாளில் அது துடைப்பத்தைக் கடித்து இழுக்கத் தொடங்கியது. அது வேறு தொல்லை. குக்கர்தான் இழுத்தடித்தது. எந்த விநாடியில் விசில் வரும் என்று நமக்கே தெரியாதபோது முட்டையோடு காத்திருப்பது எளிதன்று.

வீட்டுக்காரர் மாதக் கடைசியில் வாடகை வாங்க வந்தபோது நாயைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய அப்பா மாலையில் மாடியிலிருந்து பிஸ்கட் துண்டு போடுகிறார். சர்க்கரை அதிகம் வேண்டாம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

கேஸ் சிலிண்டருக்கு மட்டும் மணி இன்றும் குரைக்கிறது. காரணம் தெளிவு. அது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சிமெண்டுத் தரையில் கணகணவென்று உருண்டு வருகிறது. நான்கு நிமிடத்தில் வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார். பழக வாய்ப்பு இல்லை. வெற்றியோ ஒவ்வொரு முறையும் உறுதி. ஆகவே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காலிச் சிலிண்டரை நான் நடைபாதையில் மெல்ல உருட்டுகிறேன். அம்மா தயிர்ச்சோற்றோடு குட்டியைப் பிடித்துக்கொள்கிறார். முப்பதடியில் தொடங்கினோம். போன வாரம் பன்னிரண்டடி வரை வந்திருக்கிறோம்.